கொல்லைப்புறத்துக் கோப்பி

தேயிலைக்குப் பேர்போன நாட்டில் கோப்பியைப் பற்றி எழுதுவதா என்று வாசகர் சிலர் வியக்கக்கூடும். ஆயினும் மலையகத் தமிழரின் முன்னோரை இந்நாட்டு மலைகளுக்கு முதலில் அழைத்துவந்தது தேயிலை அன்று, கோப்பியே ஆகும்.

1820களில், ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில், கேகாலை வழியாகக் கண்டிக்குப் பாதை வெட்டப்பட்டது. கோப்பித் தோட்டங்கள் பெருகின. தென்னிந்தியாவிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கிக் காடுகளைக் கால்நடையாய்க் கடந்து வந்த தொழிலாளர் பல்லாயிரவர். வழியிலேயே மாண்டவரும் பலர். அவர்கள் பறித்த கோப்பி, மாட்டு வண்டிகளிலும், 1867க்குப் பின் றம்புக்கணை வழியே ஓடிய புகைவண்டியிலும் கொழும்பை அடைந்தது. 1869இல் ஆபிரகாம் ஜோசப் என்பவர் கோப்பிச் செய்கையைக் கும்மிப் பாட்டாகவே இயற்றினார் எனில், அப்பயிரின் செல்வாக்கைச் சொல்லவும் வேண்டுமோ?

அதே ஆண்டில்தான் கோப்பி இலைகளின் அடியில் செம்மஞ்சள் தூளாகப் படியும் துருநோய் இங்கே கண்டறியப்பட்டது. அந்நோய் இருபது ஆண்டுகளுக்குள் பெரும்பாலான தோட்டங்களை அழித்துவிட்டது. மலைகளில் தேயிலை ஏறிற்று. சப்பிரகமுவவின் தாழ்ந்த சரிவுகளில் இறப்பரும் பரவிற்று. பயிர் மாறினும் பாடுபட்ட மக்கள் மாறவில்லை.

கோப்பியும் முற்றாக மறைந்துவிடவில்லை. கேகாலை, இரத்தினபுரி வீட்டுத் தோட்டங்களில் பலா மரத்து நிழலில், மிளகுக் கொடிக்கு அருகே, அதை இன்றும் காணலாம். துருநோயைத் தாங்கவல்ல ரொபஸ்டா இனம் தாழ்நிலத்துக்கு ஏற்றது. அராபிக்காவினும் ஏறத்தாழ இருமடங்கு கபீன் உடையது, கசப்பும் மிக்கது. எனவே, அதன் சுவை பக்குவம் செய்வோர் கையில்தான் இருக்கிறது.

இதற்கு விலையுயர்ந்த இயந்திரம் எதுவும் வேண்டா. இரும்புச் சட்டி, சுளகு, உரல், அரிதட்டு, இறுக மூடும் போத்தல், கேத்தல், துணி வடி ஆகிய இவையே போதும். சிவக்கப் பழுத்தவற்றை மட்டும் பறித்து, பாயில் பரப்பி, கலகலவென ஒலிக்கும்வரை வெயிலில் உலர்த்துக. பின் குற்றிப் புடைத்துக் கொட்டைகளைச் சேமிக்கலாம். வறுக்கும்போது அடுப்பை விட்டு அகலலாகாது. கொட்டைகள் வெடித்து, பழுப்பு நிறம் பரவியதும் சுளகில் கொட்டி விரைந்து ஆற்றவேண்டும். கருகினால் கசப்பே எஞ்சும். பொடித்த கோப்பி விரைவில் மணம் இழக்கும். ஆதலால் வாரத்திற்கு வேண்டியதை மட்டும் வறுத்து இடிப்பதே நன்று.

காலையில், ஒரு கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி பொடியைப் பாத்திரத்தில் இடுக. கொதித்த நீரை இறக்கிச் சிறிது பொறுத்து அதன்மேல் ஊற்றி, நான்கு நிமிடம் மூடி வைத்து வடித்தெடுக்க வேண்டும். பொடியை நீரோடு சேர்த்து நெடுநேரம் கொதிக்கவிடுதல் கூடாது. தமிழகத்தார் பில்டரில் டிகாஷன் இறக்கிப் பாலில் கலப்பர். இங்கோ பாலின்றி, கித்துள் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு அருந்துவதே தனிச்சுவை. மழைக்காலத்தில் மல்லியும் சுக்கும் சேர்த்து இடிக்கும் வழக்கமும் உண்டு.

ஒன்றை மட்டும் இல்லத்தரசியர் மனங்கொள்ள வேண்டும். கோப்பியாயினும் தேநீராயினும் உணவோடு சேர்த்து அருந்தினால், கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வது குறைந்துவிடும். நாள் முழுதும் கொழுந்து பறிக்கும் பெண்களுக்கும், இரத்தசோகை உடையோருக்கும், கருவுற்ற தாய்மாருக்கும் இது பெரு நட்டமாகும். உண்டபின் ஒரு மணி நேரமேனும் கழித்து அருந்துக. கருவுற்றோர் அளவையும் குறைத்துக்கொள்க. பசியோடு பள்ளி செல்லும் பிள்ளைக்குக் கோப்பித் தண்ணீர் ஒருபோதும் காலையுணவு ஆகாது. பசியை மறைப்பது வேறு, தீர்ப்பது வேறு.

முன்னோர் பிறருக்காகப் பயிரிட்ட கோப்பியை இன்று நம் வீட்டுக்கென வளர்க்கலாம். கொல்லையில் இரண்டு செடி நட்டு, அவற்றின் வரலாற்றையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். மாணவர்கள் நூலில் கற்பதை நிழலில் நின்று காணட்டும்.