காருக்கு மாடி, சரக்குக்குத் தெரு

மதுரையின் உள்நகரைப் புதுப்பிப்பது பற்றிய பேச்சு, ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் இந்நகரம் 2016-இல் இடம்பெற்றது முதல், வண்டியை எங்கே நிறுத்துவது என்ற ஒரே கேள்வியைச் சுற்றியே நடந்துவருகிறது. இடித்துக் கட்டிய பெரியார் பேருந்து நிலையம் 2021 டிசம்பரில் திறக்கப்பட்டதும், வடக்கு ஆவணி மூல வீதியில் பழைய சென்ட்ரல் மார்க்கெட் இருந்த இடத்தில் பல அடுக்கு வாகன நிறுத்தகம் கட்டப்பட்டதும், மாசி வீதிகளுக்குப் புதிய தளமும் நடைபாதையும் அமைந்ததும் இந்தப் பேச்சைத் தணிக்கவில்லை. கார்களையும் இருசக்கர வாகனங்களையும் எண்ணிய திட்டங்கள், இவ்வீதிகளை நாள்தோறும் அடைத்து நிற்கும் சரக்கை எண்ணாமல் விட்டதே இதற்குக் காரணம்.

கோயிலைச் சுற்றி ஒன்றையொன்று சூழ்ந்து அமைந்த இவ்வீதிகளின் அகலம் தேருக்காக வகுக்கப்பட்டது. தேர் வராத நாட்களில் அந்த அகலத்தை வணிகம் எடுத்துக்கொண்டது. உள்நகருக்குக் கடைசியாகக் கிடைத்த பெரிய விரிவு, ஆங்கிலேயர் ஆட்சியில் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்தபோது வந்தது. வெளி வீதிகளும், அந்த வேலையில் ஈடுபட்டவர்களின் பெயரைத் தாங்கும் பெருமாள் மேஸ்திரி வீதியும் மாரட் வீதியும் அப்போது உருவானவை. அதற்குப் பின்னர் தெரு அகலவில்லை, கட்டடங்களே உயர்ந்தன. ஒவ்வொரு மாடிக்கும் வேண்டிய சரக்கு மட்டும் இன்றும் அதே தரை வழியாகத்தான் வருகிறது.

மளிகை மொத்த வியாபாரம் நடக்கும் கீழமாசி வீதியிலும், ஜவுளிக் கடைகள் நெருங்கிய விளக்குத்தூண் பகுதியிலும் இதைத் தெளிவாகக் காணலாம். பெரிய லாரிகளுக்குப் பகலில் உள்நகரில் இடமில்லை என்பதால், மூட்டைகளும் பார்சல்களும் ‘குட்டியானை’ என்று மக்கள் அழைக்கும் சிறு சரக்கு வண்டிகளுக்கும், அங்கிருந்து ட்ரைசைக்கிளுக்கும் கைவண்டிக்கும் மாறி, கடைசியில் லோடுமேனின் தலையில் ஏறிக் கடைக்குள் போகின்றன. ஒரு குட்டியானை கடை வாசலில் பத்து நிமிடம் நின்றாலும், அதன் பின்னால் வரும் ஆட்டோக்களும் பைக்குகளும் எதிர்த்திசைக்குள் ஒதுங்க, இரு திசையும் சேர்ந்து அடைபடுகிறது. இந்த வண்டியை நிறுத்தகத்துக்கு அனுப்ப முடியாது. நிறுத்தகத்தின் சரிவுப் பாதையும் கூரை உயரமும் காருக்கென அமைந்தவை என்பதோடு, ஐம்பது கிலோ மூட்டையைச் சுமந்துகொண்டு இரண்டு தெரு நடக்க எவரும் முன்வரமாட்டார்.

போக்குவரத்துப் பொறியியலில் ‘கார் அலகு’ என்றொரு கணக்கு உண்டு. சாலையில் ஓடும் ஒவ்வொரு வாகனமும் எத்தனை கார்களுக்குச் சமமான இடத்தையும் நேரத்தையும் எடுத்துக்கொள்கிறது என்று மதிப்பிடும் முறை இது. மெதுவாக நகர்வதால் கைவண்டி இதில் ஒரு காரைவிடக் கூடுதல் மதிப்பைப் பெறுகிறது. ஓட்டத்தை அளக்கும்போது கைவண்டிக்குக் கிடைக்கும் இந்த மரியாதை, நிறுத்தத்தைத் திட்டமிடும்போது மட்டும் மறைந்துபோவது விந்தையே.

நடைபாதையை அகலமாக்கியதில் இன்னொரு சிக்கலும் அடங்கியிருக்கிறது. நடப்பவருக்கு இடம் தருவது முற்றிலும் சரியான செயல். ஆனால் முன்பு வீதியோரத்தில் ஒதுங்கி நின்ற சரக்கு வண்டி, ஓரம் நடைபாதையானதும் ஓடுதளத்திலேயே நிற்க நேர்கிறது. இறக்கிய மூட்டையோ, கடைக்குள் போகும் வரை, நடப்பவருக்கென்று கட்டிய இடத்திலேயே அடுக்கப்படுகிறது. இவ்வாறு ஒரே சீரமைப்பு சாலையையும் நடைபாதையையும் ஒருசேரக் குறுக்கிவிடுகிறது.

காரில் வரும் வாடிக்கையாளருக்கு இடமில்லையென்றால் அவர் புறநகரின் பெரிய அங்காடிகளுக்குப் போய்விடுவார் என்று வணிகர்களில் ஒரு சாரார் அஞ்சுகின்றனர். அந்த அச்சத்தைத் தள்ளிவிட முடியாது. ஆயினும் நிறுத்தகம் என்பது வண்டிகளை ஏற்றுக்கொள்வதோடு நில்லாமல் அழைக்கவும் செய்கிறது. உள்ளே இடம் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் வரும் ஒவ்வொரு காரும், சரக்கு வண்டி மறித்து நிற்கும் அதே வீதிகளைக் கடந்துதான் அந்த மாடியை அடைய வேண்டும்.

இதற்கு வேண்டியது கட்டடமன்று, நேரப் பங்கீடும் வெள்ளைக் கோடுமே ஆகும். சில கடைகளுக்குப் பொதுவாக ஒரு சரக்கேற்றிடம், அதாவது ஏற்றி இறக்க மட்டும் வண்டி நிற்கலாம் என்று கோடிட்டுக் காட்டிய இடம், ஒவ்வொரு மாசி வீதியிலும் அமைய வேண்டும். மொத்தச் சரக்கு இரவிலேயே, கடை திறக்கும் முன்பே, உள்ளே போய்விட வேண்டும். சித்திரைத் தேரோட்டத்துக்காக ஆண்டுதோறும் இவ்வீதிகளை ஒழித்துத் தரும் வணிகர்களுக்கு, நேரம் பார்த்துச் சரக்கிறக்குவது புதிய பாடமன்று. இரவு வேலைக்கான கூடுதல் கூலியை யார் தருவது என்பதே மீதமுள்ள கடினமான கேள்வி. அதைக் கடைக்காரர்களும் சுமைதூக்கும் தொழிலாளர்களும் உட்கார்ந்து பேசி முடித்த பிறகே, உள்நகரில் இன்னொரு நிறுத்தகத்துக்கான வரைபடத்தை எவரும் விரிக்க வேண்டும்.