கபுகி முகத்தின் சிவப்பும் நீலமும்

ஜப்பானின் கபுகி நாடகத்தில் நடிகர் தன் முகத்தைத் தானே எழுதிக்கொள்வதுதான் வழக்கம். எனக்கு இந்தக் கலையில் பிடித்ததே அதுதான்.

முதலில் மெழுகுத் தைலத்தை உள்ளங்கையில் இளக்கி முகமெங்கும் தேய்ப்பார். புருவமும் அதில் அமுங்கிவிடும். மேலே ‘ஒஷிரோய்’ என்ற வெள்ளைப்பொடியைத் தண்ணீரில் குழைத்து, அகலத் தூரிகையால் பூசுவார். மின்விளக்கு இல்லாத காலத்தில் வெள்ளை முகம்தான் தூரத்து ரசிகருக்கும் தெரியும். ஆனால் அந்தப் பொடியில் அன்று ஈயம் இருந்தது. 1887இல் பேரரசர் மெய்ஜி முன்னிலையில் நடித்த நான்காம் நகமுரா ஃபுகுசுகேயின் கால் நடுங்கியது; காரணம், ஈய நஞ்சு. படிக்கும்போது எனக்குக் கோபம்தான் வந்தது.

வீரர், அசுரர் வேடங்களுக்கு வெள்ளையின் மேல் ‘குமடோரி’ கோடுகள் ஏறும். 1673இல் எடோ நகர மேடையில் நடிகர் முதலாம் இச்சிகாவா டன்ஜூரோ இதைத் தொடங்கிவைத்ததாகச் சொல்வார்கள். தசையின் போக்கிலேயே கோடு இழுத்து, ஒரு விளிம்பை மட்டும் விரலால் கலைத்துவிட்டால், ரத்தம் கொதித்தேறிய முகம் தயார். சிவப்பு, நியாயத்துக்கும் வீரத்துக்கும். நீலம், வில்லனுக்கும் ஆவிக்கும். பழுப்பு, மனிதப் பிறவி அல்லாதவற்றுக்கு.

ஆட்டம் முடிந்ததும் சிலர் பட்டுத்துணியை முகத்தில் அழுத்தி அச்செடுப்பதுண்டு. ‘ஒஷிகுமா’ எனப்படும் அதை, வியர்வையோடு சேர்த்து, ரசிகர்கள் ஆசையாக வாங்கிப் பத்திரப்படுத்துகிறார்கள்.