வீடு கட்டக் கடல் கடந்து போகலாமா?

விடுமுறை நெருங்கும்போது கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகளில் சிலர் பெற்றோரிடம் கேட்கிறார்கள்: "வெளிநாட்டுக்குப் போய் ஏழைகளுக்கு வீடு கட்டிக் கொடுக்கும் குழுவில் நானும் சேரட்டுமா?"

நல்ல எண்ணம்தான். மதீனாவில் பள்ளிவாசல் எழுந்தபோது நபி (ஸல்) அவர்களும் தோழர்களோடு சேர்ந்து கல் சுமந்தார்கள். உடலுழைப்பைத் தர்மமாகக் கொடுப்பது நமக்குப் புதிதல்ல. ஆனாலும் பயணச்சீட்டு எடுக்கும் முன், இந்தப் பணி எங்கே பலன் தருகிறது, எங்கே தருவதில்லை என்று தெரிந்துகொள்வது நல்லது.

பீகாருக்கு வந்த தொண்டர்கள்

முதல் உலகப் போரில் சிதைந்துபோன பிரான்சு நாட்டுக் கிராமம் ஒன்றைச் சீரமைக்க, 1920இல் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் பியர் செரசோல் ஒரு சிறு குழுவைத் திரட்டினார். அதில் ஜெர்மானியர்களும் இருந்தார்கள். நேற்றுவரை எதிரியாக இருந்தவன் வந்து வீட்டைச் சரிசெய்து கொடுக்கட்டும் என்பதே அவர் நோக்கம். இன்று பல நாடுகளில் நடக்கும் தன்னார்வப் பணி முகாம்களுக்கு அது ஒரு தொடக்கம்.

1934 ஜனவரி 15 அன்று பீகாரையும் நேபாளத்தையும் பெரும் நிலநடுக்கம் தாக்கியது. பத்தாயிரத்துக்கும் அதிகமானோர் உயிரிழந்தனர். நிவாரணப் பணியை ராஜேந்திர பிரசாத் முன்னின்று நடத்தினார். செரசோல் முதலில் தனியாக வந்து நிலைமையைப் பார்த்தார். ஊர் திரும்பி, சில தொண்டர்களை அழைத்துக்கொண்டு மீண்டும் வந்தார். வெள்ளத்தில் மூழ்கும் கிராமங்களை மேட்டு நிலத்துக்கு மாற்றி அமைக்கும் வேலை முசாபர்பூர் பகுதியில் 1937 வரை நடந்தது. வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனால் முதலில் கேட்டார்கள், பிறகு கட்டினார்கள். ஒரு வாரத்தில் கிளம்பிவிடவும் இல்லை.

ஒரு வாரத்தில் நூறு வீடு

1976இல் அமெரிக்காவில் தொடங்கிய ஹேபிடாட் ஃபார் ஹியூமானிட்டி என்ற கிறிஸ்தவ அமைப்பு இந்தப் பணியை உலகெங்கும் கொண்டு சென்றது. லாபமும் இல்லை, வட்டியும் இல்லை. வீடு பெறும் குடும்பமும் கூடவே உழைக்க வேண்டும். இதுதான் தொடக்கத்தில் அது வகுத்த விதி. வட்டியை விலக்கி வாழ நினைக்கும் நாம் கவனிக்க வேண்டிய விதி இது. 2006இல் மகாராஷ்டிராவின் லோனாவாலா அருகே, முன்னாள் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டரோடு சுமார் 2,000 தொண்டர்கள் சேர்ந்து ஒரே வாரத்தில் நூறு வீடுகள் கட்டும் பணியில் இறங்கினர்.

செலவுக் கணக்கு

1998இல் மிட்ச் புயல் ஹோண்டுராஸ் நாட்டைச் சிதைத்தது. வட அமெரிக்காவிலிருந்து குழு குழுவாக வந்து வீடு கட்டினார்கள். கர்ட் வெர் பீக் என்ற ஆய்வாளர் பின்னர் கணக்குப் பார்த்தார். பயணச் செலவையும் சேர்த்தால், வெளியூர்க் குழு கட்டிய ஒரு வீட்டுக்குச் சுமார் 30,000 டாலர் ஆகியிருந்தது. உள்ளூர் அமைப்பு சுமார் 2,000 டாலரில் அதே போன்ற வீட்டைக் கட்டியது. வீடு பெற்றவர்களின் வாழ்க்கையிலும் பெரிய வேறுபாடு தெரியவில்லை.

இதைப் படித்துவிட்டு, போவதே வீண் என்று முடிவு கட்ட வேண்டாம். போகிறவர் பார்த்தும் பழகியும் கற்றுக்கொள்வார். அது அவருக்குக் கிடைக்கும் பலன். அதை ஏழைக்குக் கொடுத்த தர்மமாகக் கணக்கு எழுதக் கூடாது.

நம் கரையில் கண்டது

2004 டிசம்பர் 26 சுனாமியின்போது பரங்கிப்பேட்டை ஜமாஅத்தினர், பாதிக்கப்பட்ட மீனவ மக்களுக்கு ஆயிரக்கணக்கில் சோறாக்கிப் போட்டதை நாம் மறக்க முடியாது. பக்கத்து ஊர்க்காரர் என்பதால் உடனே போய் நிற்க முடிந்தது. பின்னர் பல நிறுவனங்கள் கடற்கரையோரம் வீடு கட்ட வந்தன. நல்ல வீடுகள் எழுந்தன. சில ஊர்களில் மக்களிடம் சரியாகக் கேட்காமல் நிழல் மரங்களை வெட்டி, வரிசை வரிசையாகக் காங்கிரீட் வீடுகளை எழுப்பிய குறையும் இருந்தது.

சேருமுன் கேட்க வேண்டியவை

எந்த நாட்டுக்கு அழைத்தாலும் இவற்றைக் கேளுங்கள். மனை யார் பெயரில் இருக்கிறது? உள்ளூர்க் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் கூலி கிடைக்கிறதா, அல்லது நம் இலவச உழைப்பு அவர்கள் வேலையைப் பறிக்கிறதா? வீட்டின் அமைப்பை முடிவு செய்தது யார்? நாம் கட்டும் தொகையில் எவ்வளவு வீட்டுக்குப் போகிறது? அந்த நாட்டு விசா தொண்டு வேலைக்கு இடம் தருகிறதா?

பணம் அனுப்புவதிலும் கவனம் தேவை. வளைகுடாவில் இருக்கும் நம் உறவினர் இந்தியக் குடிமகனாக இருந்து, சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக இங்குள்ள அறக்கட்டளைக்கு அனுப்பினால், அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. மலேசியா, சிங்கப்பூர் குடியுரிமை பெற்றுவிட்ட உறவினர் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடைதான். அதை வாங்க, வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி அந்த அறக்கட்டளை பதிவு பெற்றிருக்க வேண்டும்.

பக்கத்திலேயே ஒரு பயணம்

கடல் கடக்காமலும் இந்தப் பணியைச் செய்யலாம். கிராமங்களில் குடிசையில் வாழ்வோருக்காக 2024இல் அறிவிக்கப்பட்ட கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய். இத்தகைய திட்டங்களில் பணம் மொத்தமாகக் கைக்கு வராது; வேலை ஒவ்வொரு கட்டமாக முடிய முடியத்தான் தவணை வரும். அஸ்திவாரத்துக்குக் கையில் காசில்லாத ஒரு விதவைத் தாய் அங்கேயே நின்றுவிடுவார். பட்டா இல்லாதவருக்கோ விண்ணப்பிக்கவே வழியில்லை.

நம் கைகள் தேவைப்படும் இடம் அதுதான். ஒரு பிள்ளை தாலுகா அலுவலகத்துக்குக் கூடப் போய் பட்டா விண்ணப்பத்துக்கு உதவலாம். பைத்துல்மாலில் இருந்து வட்டியில்லாக் கடனாக அஸ்திவாரச் செலவைக் கொடுத்து, தவணை வந்ததும் திரும்பப் பெறலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் நாலு இளைஞர்கள் போய்ச் செங்கல் இறக்கலாம், மண் நிரப்பலாம். சுவர் எழுப்புவதைக் கொத்தனாரிடம் விட்டுவிடுவோம். திருமங்கலம் பக்கத்துக் கரிசல் மண்ணில் அஸ்திவாரம் எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்பது அவருக்குத்தான் தெரியும்.

முஸ்லிம் வீடா, மற்றவர் வீடா என்று பார்க்க வேண்டாம். மழை எல்லாக் கூரையிலும்தான் ஒழுகுகிறது. ஐப்பசி மழைக்கு முன் நம் மஹல்லாவைச் சுற்றி ஒரே ஒரு வீட்டையாவது முடித்துக் கொடுப்போம், இன்ஷா அல்லாஹ். அந்த அனுபவத்தோடு கடல் கடந்து போகும் பிள்ளை, போகும் இடத்திலும் பயன்படுவான்.