ஃபோர்மட் அடிக்க முன்

வீட்டுக்குள் ஒரு கணினி: 11

சல்லி என்ற கடலோர ஊரில் நான் கணினி பார்க்கப் போகிற வீடுகளில் 2004க்கு முந்திய குடும்பப் படம் காண்பது அருமை. அந்த வருடச் சுனாமியில், டிசம்பர் 26 காலை கடல் ஏறி வந்தபோது அலுமாரியோடு அல்பங்களும் போயின. இப்போது இருப்பவை பெரும்பாலும், கொழும்பிலோ கனடாவிலோ இருக்கும் உறவினர்கள் தங்களிடம் தப்பிக் கிடந்த பிரதிகளை ஸ்கேன் பண்ணி அனுப்பியவை. ஒரு கலியாணப் படம், ஒரு பூப்புனித நீராட்டு விழா, இறந்துபோன ஒருவரின் முகம் துலக்கமாகத் தெரிகிற ஒரே படம். அதற்குப் பிறகு சேர்ந்தவை அம்மன் கோயில் திருவிழா வீடியோக்கள், பிள்ளைகளின் பரீட்சைப் பேப்பர்கள், காணி உறுதியின் ஸ்கேன். எல்லாம் மேசைக்குக் கீழே இருக்கும் பெட்டிக்குள், ஒரேயொரு ஹார்ட் டிஸ்க்கில்.

வைரஸ் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு முதலில் அந்தப் படங்கள்தான் நினைவுக்கு வருகின்றன. காரணம், வைரஸ் ஏறிய கணினிக்கு எங்கள் பக்கத்தில் சொல்லப்படுவது ஒரே ஒரு வழி: ஃபோர்மட் அடி, விண்டோஸைப் புதிதாகப் போடு.

"தம்பி, கடையில குடுத்தா ஃபோர்மட் அடிச்சுத் தருவாங்களாம். படமெல்லாம் டெஸ்க்டொப்பிலதான் கிடக்கு. அது போகாதுதானே?" என்று ஓர் அக்கா கேட்டார்.

"போகும் அக்கா" என்றேன்.

"டி டிரைவில இருக்கிறது போகாது எண்டாங்களே?"

கடைக்காரர் சொன்னதில் பொய் இல்லை. ஹார்ட் டிஸ்க்கை சி, டி என்று பிரித்திருந்தால், வழக்கமாக சி மட்டும்தான் அழிக்கப்படும். ஆனால் டெஸ்க்டொப், டொக்கியூமென்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ் நான்கும் சியில்தான் இருக்கின்றன. திரையில் கண்ணுக்கு முன்னால் தெரிகிற படம் சிக்குள் இருக்கிறது என்பது வீட்டில் இருப்பவருக்குத் தெரிய வழியில்லை. கடையில் அதைக் கேட்டு எடுத்துவைக்க எல்லாரும் மினக்கெடுவதும் இல்லை. வைரஸ் எடுத்த ஒரு படத்துக்கு ஃபோர்மட் எடுத்த நூறு படங்களை நான் கண்டிருக்கிறேன் என்று சொன்னால் மிகையாகத் தோன்றலாம், ஆனால் என் மனத்தில் பதிந்திருக்கும் கணக்கு அதுதான்.

ஆகவே வேலையின் ஒழுங்கு இப்படி வரவேண்டும்: பொருளை முதலில் வெளியே எடுப்பது, பிறகு வைரஸைப் பார்ப்பது.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி. வந்திருப்பது வைரஸ்தானா? கணினி மெதுவாகிவிட்டால் உடனே வைரஸ் என்கிறோம். சி டிரைவ் நிரம்பியிருந்தாலும் மெதுவாகும். ஹார்ட் டிஸ்க் பழுதாகத் தொடங்கினாலும் மெதுவாகும், அப்படியானால் படங்களை எடுப்பது இன்னும் அவசரம். திரையின் வலது மூலையில் "உங்கள் கணினியில் 5 வைரஸ்கள்" என்று அடிக்கடி எழும்பும் சின்னப் பெட்டி பெரும்பாலும் வைரஸே அல்ல. ஏதோ ஒரு தளம் அறிவித்தல் அனுப்பலாமா என்று கேட்டபோது யாரோ "அலவ்" அழுத்தியிருப்பார்கள். குரோமின் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன் பகுதிக்குப் போய் அந்தத் தளத்தை நீக்கினால் முடிந்தது. திரை முழுவதும் சிவப்பாகி, மைக்ரோசொஃப்டுக்குப் போன் பண்ணு என்று ஓர் இலக்கம் காட்டினால் அது திருடனின் இலக்கம். ஆல்ட், எஃப்4 இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள். மூடாவிட்டால் டாஸ்க் மனேஜரால் பிரவுசரை நிறுத்துங்கள். போன் எடுக்க வேண்டாம்.

இவை எதுவும் இல்லாமல், ஃபைல்களின் பெயர் மாறுகிறது, வைரஸைத் தடுக்கும் வைரஸ் கார்ட் தானாக நின்றுவிடுகிறது, நீங்கள் அனுப்பாத செய்தி உங்கள் ஃபேஸ்புக்கில் இருந்து போகிறது என்றால் கை வைக்க வேண்டியது முதலில் இன்டர்நெட்டில். ரவுட்டரின் வயரைக் கழற்றுங்கள், டொங்கிள் என்றால் பிடுங்குங்கள். படம் சேர்த்துவைத்த வேறு பென் டிரைவோ வெளி ஹார்ட் டிஸ்க்கோ இருந்தால் அதை இந்தக் கணினியில் இப்போது குத்தவே கூடாது. பதற்றத்தில் பலர் செய்வது இதைத்தான். நல்ல பிரதியையும் கொண்டுவந்து வைரஸின் முன்னால் வைக்கிறார்கள்.

அடுத்தது கடவுச்சொற்கள். இன்றைய வைரஸ்கள் பல கணினியைக் கெடுக்க வருவதில்லை. பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்களை அள்ளிக்கொண்டு போகத்தான் வருகின்றன. கணினி நன்றாக ஓடிக்கொண்டே இருக்கும், கணக்கு மட்டும் கைமாறியிருக்கும். வைரஸ் இல்லாத ஒரு கைபேசியில் இருந்து முதலில் மின்னஞ்சல், பிறகு வங்கி, பிறகு ஃபேஸ்புக் என்று மாற்றுங்கள். மின்னஞ்சல் ஏன் முதலில் என்றால் மற்றப் பெரும்பாலான கணக்குகளுக்கும் "மறந்துவிட்டேன்" என்று கேட்டால் புதுச் சொல் வைக்கும் இணைப்பு வந்து சேர்வது அங்கேதான். மாற்றிய கையோடு, எல்லாக் கருவிகளில் இருந்தும் வெளியேறும் தெரிவையும் அழுத்துங்கள். சொல்லை மாற்றினாலும், ஏற்கெனவே திறந்திருக்கும் கதவால் சிலர் உள்ளேயே இருப்பார்கள்.

இனிப் படங்கள். விண்டோஸ் எழும்பினால் வைரஸும் எழும்பும். அப்படியானால் விண்டோஸை எழுப்பாமலே ஹார்ட் டிஸ்க்கைத் திறக்க வேண்டும். அதற்கு உபுண்டு போதும், காசு கேட்காத ஒரு லினக்ஸ். நல்ல கணினி ஒன்றில் அதை இறக்கி 8 ஜிபி பென் ஒன்றில் ஏற்றுங்கள். நோயுள்ள கணினியில் அந்தப் பென்னைக் குத்தி, பயாஸின் பூட் மெனுவில் பென்னைத் தெரிவுசெய்தால் உபுண்டு பென்னில் இருந்தே ஓடும். நிறுவவா, பரீட்சித்துப் பார்க்கவா என்று கேட்கும்போது பரீட்சித்துப் பார்ப்பதை மட்டும் தெரிவுசெய்யுங்கள். நிறுவு என்று அழுத்தினால் அதுவும் இன்னொரு ஃபோர்மட்.

இப்போது சி டிரைவைத் திறந்தால் உள்ளே யூசர்ஸ், அதற்குள் உங்கள் பெயர், அதற்குள் டெஸ்க்டொப்பும் பிக்சர்ஸும். விண்டோஸுக்காக எழுதப்பட்ட வைரஸ் இங்கே வெறும் ஃபைலாகக் கிடக்கும், ஓட முடியாது. படம், வீடியோ, பிடிஎஃப், வேர்ட் ஆகியவற்றை மட்டும் இன்னொரு வெறுமையான பென்னுக்குக் கொப்பி பண்ணுங்கள். இஎக்ஸ்இ என்று முடிகிற எதையும் எடுக்காதீர்கள், பிள்ளை ஆசையாகச் சேர்த்துவைத்த கேம் செட்டப் ஆனாலும். சாலிட்டி, ராம்னிட் போன்ற பழைய வைரஸ்கள் அப்படியான ஃபைல்களுக்குள்ளேயே தங்களை எழுதிக்கொள்பவை. டி டிரைவில் செட்டப்களைச் சேர்த்துவைத்துவிட்டு சியை மட்டும் அழித்த கணினியில் மறுநாளே வைரஸ் திரும்பி வருவது இதனால்தான். ஒரு முன்னெச்சரிக்கையும் உண்டு: புதிய விண்டோஸ் 11 கணினிகள் சிலவற்றில் டிஸ்க் பிட்லொக்கரால் பூட்டப்பட்டிருக்கும். அதன் மீட்புச் சாவி உங்கள் மைக்ரோசொஃப்ட் கணக்கில் இருக்கிறதா என்று பார்க்காமல் எதையும் தொட வேண்டாம்.

படங்கள் வெளியே வந்து, வேறொரு கணினியிலோ கைபேசியிலோ திறந்தும் பார்த்தாயிற்று என்றால் மீதி வேலையைப் பயமில்லாமல் செய்யலாம்.

விண்டோஸ் 10இலும் 11இலும் வைரஸ் கார்ட் கூடவே வருகிறது, டிஃபெண்டர் என்று பெயர். அதன் ஸ்கேன் தெரிவுகளில் கடைசியில் ஓஃப்லைன் ஸ்கேன் என்று ஒன்று இருக்கும். அழுத்தினால் கணினி ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் முழுதாக எழும்ப முன்னரே ஏறத்தாழ 15 நிமிடம் தேடும். விண்டோஸ் ஓடும்போது தன்னை மறைத்துக்கொள்ளும் வைரஸுக்கு இங்கே மறைய இடம் குறைவு. அது முடிந்தபின் ஃபுல் ஸ்கேன். பிறகு மால்வேர்பைட்ஸின் இலவசப் பதிப்பால் இரண்டாவது முறை. ஆனால் எந்நேரமும் காவல் நிற்கும் வைரஸ் கார்ட் இரண்டை ஒன்றாகப் போடக் கூடாது. ஒன்றையொன்று தடுத்து, கணினியும் நகராது.

பிறகு கையால் பார்க்க வேண்டிய இடங்கள் உண்டு. டாஸ்க் மனேஜரின் ஸ்டார்ட்டப் பகுதியில் அறிமுகமில்லாத பெயர், டாஸ்க் ஷெட்யூலரில் யாரும் வைக்காத வேலை, பிரவுசரில் நீங்கள் சேர்க்காத எக்ஸ்டென்ஷன். வைரஸ் கார்ட் நிறுவனங்களின் தளங்கள் மட்டும் திறக்கவில்லை என்றால் ஹோஸ்ட்ஸ் என்ற ஃபைலைப் பாருங்கள். உதவி கிடைக்கும் தளங்களின் பெயர்களை அதில் எழுதி வழியை மறிப்பது வைரஸ்களின் பழைய வேலை.

பென் டிரைவ் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், எங்கள் ஊர்களில் வைரஸ் நடமாடும் பாதை அதுதான். பிள்ளைக்கு ஒரு பிரின்ட் எடுக்க உப்புவெளியில் கொமியூனிகேஷன் கடைக்குப் போய்வந்த பென் வீட்டுக் கணினியில் ஏறுகிறது. 2008 நவம்பரில் வெளிவந்த கொன்ஃபிக்கர், மைக்ரோசொஃப்ட் அதற்கான திருத்தத்தை முந்திய மாதமே வெளியிட்டிருந்தும், உலகமெங்கும் பல லட்சம் கணினிகளில் ஏறியது. 2009 ஜனவரியில் பிரித்தானியக் கடற்படைக் கப்பல்களின் கணினிகள் வரை போனது. அதன் வழிகளில் ஒன்று, பென்னைக் குத்தியதும் தானாக ஓடும் வசதி. மைக்ரோசொஃப்ட் விண்டோஸ் 7இல் அதை நிறுத்தியது. 2011 பெப்ரவரியில் பழைய பதிப்புகளுக்கும் நிறுத்தியது. அதன் பிறகு பரவியது ஷோர்ட்கட் வைரஸ். பென்னைத் திறந்தால் ஃபோல்டர்கள் எல்லாம் ஷோர்ட்கட் ஆகியிருக்கும், அழுத்தினால் ஃபோல்டரும் திறக்கும், வைரஸும் ஓடும். உண்மையான ஃபோல்டர்கள் எங்கும் போகவில்லை, மறைக்கப்பட்டுக் கிடக்கின்றன. அந்தப் பென்னை உபுண்டுவில் திறந்தால் அவை சாதாரணமாகவே தெரியும். இங்கே பலர் பென்னை மட்டும் துடைக்கிறார்கள். கணினி சுகமாகாமல் பென்னைத் துடைத்தால் மறுபடி குத்திய கணத்தில் அது திரும்பும்.

வீட்டுக் கணினிக்கு வருகிறவற்றில் என்னை உண்மையில் வருத்துவது ஒன்றுதான்: படங்களைப் பூட்டிவிட்டுக் காசு கேட்கும் வைரஸ். ஸ்டொப், டிஜேவு என்ற பெயர்களில் அறியப்படும் குடும்பம் பெரிய நிறுவனங்களைத் தேடிப் போவதில்லை. கிராக் பண்ணிய மென்பொருள்களுக்குள் இருந்து, எங்களைப் போன்றவர்களின் வீடுகளுக்கு வருகிறது. விண்டோஸ் அப்டேட் நடக்கிறது என்று ஒரு பொய்த் திரையைக் காட்டிக்கொண்டே பின்னால் ஒவ்வொரு ஃபைலாகப் பூட்டும். பிறகு ஒவ்வொரு ஃபோல்டரிலும் ரீட்மீ என்று ஒரு கடிதம்: பல பதிப்புகளில் 980 டொலர், 72 மணித்தியாலத்துக்குள் என்றால் 490. கிராக்கைப் போட முன்னர் "வைரஸ் கார்டை நிறுத்து" என்று அதன் குறிப்பிலேயே எழுதியிருக்கும். நாங்களும் நிறுத்துகிறோம். கதவைத் திறந்துவிட்டு அழைத்தது யார் என்று அந்த வீட்டுப் பிள்ளையைப் பிறகு திட்டுவதில் பயனில்லை. ஒரு மீன்பிடிக் குடும்பத்தின் மாத வருமானத்தில் அசல் ஃபோட்டோஷொப் வாங்க முடியாது என்பது எல்லாருக்கும் தெரியும். பிள்ளைக்கு எழுத்து வேலைக்கு லிப்ரே ஓஃபிஸையும் பட வேலைக்குக் கிம்ப்பையும் அறிமுகப்படுத்துங்கள். இரண்டும் முற்றிலும் இலவசம்.

இப்படிப் பூட்டப்பட்ட கணினியைத் தயவுசெய்து ஃபோர்மட் அடிக்காதீர்கள், காசும் கட்டாதீர்கள். 2019 ஒக்டோபரில் எம்சிசொஃப்ட் நிறுவனம், மைக்கேல் கில்லெஸ்பி என்ற ஆய்வாளரோடு சேர்ந்து இந்தக் குடும்பத்தின் 148 வகைகளுக்குத் திறக்கும் கருவியை இலவசமாக வெளியிட்டது. அதற்குப் பின் வந்த வகைகளில், பூட்டும் நேரத்தில் வைரஸுக்குத் தன் சேர்வரோடு பேச முடியாமல் போயிருந்தால், பலருக்கும் பொதுவான ஒரு சாவியால் பூட்டியிருக்கும். அந்தச் சாவி பின்னர் கிடைத்தால் திறக்கலாம். பூட்டிய ஃபைல்களை அப்படியே ஒரு டிஸ்க்கில் எடுத்துவைத்துக் காத்திருப்பது வீணல்ல. இன்னொன்று, இந்த வைரஸ் அவசரக்காரன். ஒவ்வொரு ஃபைலிலும் முன்பகுதி 150 கிலோபைட் அளவைத்தான் பூட்டும். சின்னப் படத்துக்கு அது பெரிய சேதம். ஆனால் கலியாண வீடியோ போன்ற பெரிய ஃபைலில் மீதி முழுவதும் சேதமில்லாமல் கிடக்கும், திருத்தி எடுக்க வழி உண்டு. கருவிகளைத் தேட வேண்டிய இடம் யூரோபோலும் நெதர்லாந்துப் பொலிஸும் 2016இல் தொடங்கிய நோ மோர் ரான்சம் தளம். உள்நாட்டில் முறையிட இலங்கை சேர்ட் இருக்கிறது, 2006இல் தொடங்கிய அரச அமைப்பு.

அரசுக்கே இது நடந்தது. 2023 ஓகஸ்டில் இலங்கை அரசின் மின்னஞ்சல் சேர்வர் இப்படிப் பூட்டப்பட்டது. ஏறத்தாழ 5,000 முகவரிகள், அமைச்சரவை அலுவலகம் உட்பட. காலாவதியான எக்ஸ்சேஞ்ச் 2013 என்ற மின்னஞ்சல் மென்பொருளைப் புதுப்பிக்கக் காசு ஒதுக்கப்படாமல் இழுபட்டிருந்தது. சேர்வரை 12 மணித்தியாலத்தில் எழுப்பிவிட்டார்கள். ஆனால் மே 17 தொடக்கம் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்களுக்குப் பிரதியே இருக்கவில்லை. அவை போனது போனதுதான். அரசின் சேர்வருக்கு நடந்ததும் சல்லியில் ஒரு மேசைக்கு நடப்பதும் ஒன்றே. இயந்திரம் திரும்பியது, உள்ளிருந்தது திரும்பவில்லை. விண்டோஸ் 10க்கான ஆதரவும் 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டதால், இன்னும் அதில் இருப்பவர்களில் பலர் அந்தச் சேர்வரின் நிலையில்தான் இருக்கிறார்கள்.

எப்போது ஃபோர்மட் அடிக்கலாம்? இரண்டு ஸ்கேனுக்குப் பிறகும் வைரஸ் திரும்பி வந்தால், அல்லது அந்தக் கணினியில் வங்கி வேலை பார்ப்பவர் நிம்மதியாக இருக்க விரும்பினால், அடியுங்கள். அப்போது டியில் இருக்கும் படங்களையும் வெளியே எடுத்த பிறகு, சியும் டியும் சேர்த்தே அழியட்டும். தவறி முன்னரே அடித்துவிட்டிருந்தால் அந்த டிஸ்க்கில் புதிதாக எதையும் எழுதாமல் நிறுத்துங்கள். போட்டோரெக் என்ற இலவசக் கருவி, மேலே வேறெதுவும் எழுதப்படாத படங்களைத் தேடி எடுக்கும்.

பிரதி ஒன்று மேசை லாச்சியில் இருந்தால், இன்னொன்று சல்லிக்கு வெளியே இருக்கட்டும், நகரத்தில் மாமி வீட்டிலோ வெளிநாட்டில் தங்கையிடமோ. கடல் பக்கம் இருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கடையில் பெட்டியைக் கொடுக்கத்தான் வேண்டும் என்றால் ஒரு தாளில் "டெஸ்க்டொப், பிக்சர்ஸ், டொக்கியூமென்ட்ஸ் எடுத்துவைக்காமல் ஃபோர்மட் அடிக்க வேண்டாம்" என்று எழுதி, உங்கள் போன் இலக்கத்தையும் போட்டுப் பெட்டியின் மேலே ஒட்டிவிடுங்கள். வாயால் சொன்னது கடையில் கைமாறும்போது மறந்துபோகும்.

கைபேசிக்குள் கிடக்கும் படங்களை எப்படி இறக்குவது என்று பலர் கேட்டிருக்கிறார்கள். அது அடுத்த வாரம்.