ஈற்றுக் குறிலில் மாறும் பொருள்

அரபியில் எழுத்து ஒன்றுகூட மாறாமல் ஒரு வியப்பு கேள்வியாகிவிடும். ஏழாம் நூற்றாண்டில் பஸ்ராவில் வாழ்ந்த அபுல் அஸ்வத் அத்துஅலீயைப் பற்றி வழிவழியாக ஒரு கதை சொல்வார்கள். அவருடைய மகள் வானத்தைப் பார்த்து, 'மா அஹ்ஸனுஸ் ஸமாஇ' என்றாளாம். "அதன் விண்மீன்கள்தாம்" என்றார் தந்தை. "நான் கேட்கவில்லை, வியந்தேன்" என்றாள் மகள். "அப்படியானால் 'மா அஹ்ஸனஸ் ஸமாஅ' என்று சொல்" எனத் திருத்தினார் அவர். முதலாவது, வானத்தில் மிக அழகானது எது என்னும் கேள்வி. இரண்டாவது, வானம்தான் எவ்வளவு அழகு என்னும் வியப்பு. அரபியில் குறில்களை வழக்கமாக எழுதுவதில்லை; அதனால் தாளில் இரண்டுக்கும் ஒரே தோற்றம்.

இந்த ஈற்று மாற்றத்துக்கு இஃராப் என்று பெயர். பெயர்ச்சொல் 'உ' என்று முடிந்தால் பெரும்பாலும் எழுவாய். 'அ' என்றால் செயப்படுபொருள். 'இ' என்றால் உடைமைப் பொருள், அல்லது முன்னே ஓர் இடைச்சொல் நிற்கிறது. நம் வேற்றுமை உருபின் வேலையை அங்கே ஒற்றைக் குறில் பார்க்கிறது. 'நஸர ஸைதுன் அம்ரன்' என்றால் ஸைது அம்ரை ஆதரித்தார். 'நஸர அம்ரன் ஸைதுன்' என்று புரட்டிப் போட்டாலும் ஆதரித்தவர் ஸைதுதான். 'நஸர மூஸா ஈஸா' என்னும்போது அந்தச் சுதந்திரம் போய்விடுகிறது. நெடிலில் முடியும் இப்பெயர்களின் ஈறு மாறாது. ஆகவே முதலில் நிற்கும் மூஸாவே எழுவாய். ஈறுகளைப் பெரும்பாலும் உதிர்த்துவிட்ட இன்றைய பேச்சு அரபியிலும் சொல்லின் இடம்தான் யார் யாரை என்று காட்டுகிறது.

ஈறு பொருளைக் காக்கும்போது சொல்வரிசை எதற்கு? எட்டாம் நூற்றாண்டில் 'அல்கிதாப்' எழுதிய பாரசீகரான ஸீபவைஹி, பேசுபவருக்கு முக்கியமானது முன்னே வருகிறது என்றார். பதினோராம் நூற்றாண்டின் அப்துல் காஹிர் அல்ஜுர்ஜானீக்கு அந்த விடை போதவில்லை. முக்கியம் என்றால் எப்படி, ஏன் என்று துருவினார். அரபு இலக்கணத்தில் என்னை மிகவும் ஈர்த்த இடம் இது. 'அ ஃபஅல்த?' என்றால், 'நீ செய்தாயா?' காரியம் நடந்ததா என்பதே ஐயம். 'அ அன்த ஃபஅல்த?' என்றால், 'நீயா செய்தாய்?' காரியம் நடந்துவிட்டது. செய்தவர் யார் என்பதே ஐயம். நாம் 'ஆ'வை எந்தச் சொல்லோடு ஒட்டுகிறோமோ, அவர்கள் அந்தச் சொல்லை 'அ' என்னும் வினா இடைச்சொல்லின் அருகே நகர்த்துகிறார்கள். 'எப்போதாவது கவிதை சொல்லியிருக்கிறாயா?' என்று கேட்கலாம், 'நீயா எப்போதாவது கவிதை சொல்லியிருக்கிறாய்?' என்று கேட்பது பிழை என்கிறார் ஜுர்ஜானீ. நடந்ததா என்றே தெரியாத ஒன்றுக்குச் செய்தவரைத் தேட முடியாது.