சந்தக்ஃபூ வண்டிகளின் முழங்கால்

டார்ஜிலிங் மாவட்டம் மானேபஞ்சனில் சவாரிக்கு நிற்கும் பழைய லேண்ட்ரோவர்களில் பல, 1950களில் இங்கிலாந்தில் பிறந்தவை. தேயிலைத் தோட்டத்துத் துரைமார்கள் விட்டுச் சென்றவை என்பது ஊர்ப்பேச்சு. அலுமினியக் கலவை உடம்பு என்பதால் மலை ஈரத்தில் மேனி அவ்வளவாகத் துருப்பிடிப்பதில்லை. பல வண்டிகளில் பழைய பெட்ரோல் எஞ்சின் போய் உள்நாட்டு டீசல் எஞ்சின் வந்துவிட்டது. மாறாமல் இருப்பது முன் ஆக்ஸில். அதைப் பிரிக்கத் தெரிந்த கைகள் இருக்கும்வரைதான் இவை மேற்கு வங்கத்தின் மிக உயரமான இடத்துக்கு ஏறும்.

அங்கிருந்து 3,636 மீட்டர் உயரத்துச் சந்தக்ஃபூவுக்குச் சுமார் 31 கி.மீ. நேபாள எல்லையை ஒட்டி ஓடும் இப்பாதை நெடுங்காலம் வெறும் கல் அடுக்கு. கடைசி ஏற்றமான பிக்கேபஞ்சனுக்கு மேல் முன் சக்கரங்களும் சேர்ந்து இழுத்தால்தான் பிழைப்பு.

இழுக்கிற சக்கரமே திரும்பவும் வேண்டும். அதற்காக அச்சின் நடுவே ஒரு யுனிவர்சல் ஜாயின்ட், மெக்கானிக்குகளின் பாஷையில் 'கிராஸ்', வைக்கப்பட்டிருக்கிறது. சிலுவை வடிவ எஃகு. நான்கு முனையிலும் ஊசி பேரிங் நிறைந்த கப். மனிதனுக்கு முழங்கால்போல. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பும்போது 'டக் டக்' என்று சத்தம் வந்தால் கிராஸ் போய்விட்டது என்று சந்தேகிக்கலாம். ஸ்விவல் உருண்டையின் சீல் கிழிந்து ஆயில் வடிந்து, தண்ணீர் புகுந்திருக்கும். கப்பைத் திறந்தால் ஊசிகள் இருந்த இடத்தில் செம்பொடி.

மாற்றுவதற்கு ஹப்பை இறக்கியாக வேண்டும். ஜாக்கி ஏற்றி, சக்கரத்தையும் பிரேக் டிரம்மையும் கழற்றி, அச்சு நுனி நட்டை எடுத்தபின் ஆறு போல்ட் பிடித்திருக்கும் ஃபிளேஞ்ச் வரும். உள்ளே பூட்டு வாஷர். மடித்த அதன் காதை நிமிர்த்தாமல் நட்டைத் திருகினால் மரை போய்விடும். ஹப் வெளியே வந்தபின் ஸ்டப் ஆக்ஸிலை விடுவித்தால், அச்சு கிராஸோடு உருவி வரும். சர்க்கிளிப்புகளை எடுத்து, வைஸில் இரண்டு சாக்கெட் வைத்து நெருக்கினால் கப் நகரும்.

பூட்டுவதில்தான் அனுபவம் தெரியும். கிரீஸில் ஒட்டி நிற்கும் ஊசிகளில் ஒன்று சரிந்து அடியில் விழுந்தாலும் கப் முழுதாக உட்காராது, சர்க்கிளிப் ஏறாது. சம்மட்டியால் அடித்து ஏற்றுகிறவர் அடுத்த ஏற்றத்தில் நடுவழியில் நிற்பார். ஹப் நட்டையும் ஒரேயடியாக இறுக்கக் கூடாது. சக்கரத்தைச் சுழற்றியபடியே இறுக்கி, பிறகு சற்றே தளர்த்த வேண்டும். இறுகிய பேரிங் சூடேறிக் கருகும்.

இத்தனை ஆண்டு கல்லில் அடிபட்ட கிராஸுக்கு இப்போது புதிய தொல்லை கான்கிரீட். பாதையின் நீண்ட பகுதிகள் சமீப ஆண்டுகளில் கான்கிரீட் ஆகிவிட்டன. திருப்பத்தில் முன் சக்கரம் பின் சக்கரத்தைவிட அதிக தூரம் ஓடுகிறது. கல்லில் சக்கரம் வழுக்கி அந்த முறுக்கைத் தீர்த்துக்கொள்ளும். கான்கிரீட்டில் வழுக்காது, முறுக்கு கிராஸின் தலையில் விடியும். சாதாரணக் கியரில் நான்கு சக்கர இழுவையைப் பிரித்துவிடலாம். சிவப்புக் குமிழ் நெம்பை இழுத்து லோ கியர் போட்டாலோ முன் அச்சும் தானே சேர்ந்துகொள்ளும். செங்குத்து ஏற்றத்துக்கு லோ கியர் இல்லாமல் முடியாது.

ஹப்பிலேயே முன் சக்கரத்தை அச்சிலிருந்து பிரித்துவிடும் ஃப்ரீவீல் ஹப் பொருத்துவது ஒரு வழி. அதிலும் வில்லங்கம் உண்டு. நாள்கணக்கில் அச்சு சுழலாமலே கிடந்தால் ஆயில் மேலே தெறிக்காது, மேல் புஷ் காய்ந்து தேயும். அவ்வப்போது பூட்டி ஓட்டத்தான் வேண்டும்.

கிராஸையாவது அளவு பார்த்துத் தேடிவிடலாம். துருவேறிக் குழி விழுந்த ஸ்விவல் உருண்டைக்கு மாற்று கிடைப்பது அரிது. புது சீல் போட்டாலும் அந்தக் குழிகள் அதை மீண்டும் அறுக்கும். ஆயிலுக்குப் பதில் கிரீஸைத் திணித்து நாளை ஓட்டுகிறவர்கள் உண்டு. இதற்கிடையே அதே பாதையில் பொலேரோக்களும் ஏறத் தொடங்கிவிட்டன. அவற்றுக்கு வேண்டிய உதிரி பாகம் சிலிகுரியிலேயே கிடைக்கும்.