கேட்போர் பணத்தில் ஒரு வானொலி

கறம்பக்குடி வட்டாரத்து உழவரும் நெசவாளரும் விலை நிலவரத்தையும் மழைக் குறிப்பையும் அறிய இன்று கைபேசியையே நாடுகின்றனர். அது வசதியான சாதனம் என்பதில் ஐயமில்லை. எனினும் 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் கஜா புயல் வீசியபின் நேர்ந்தது நம் நினைவை விட்டு அகலவில்லை. தென்னையும் பலாவும் வாழையும் சாய்ந்ததோடு, மின்சாரமும் நின்றது, கைபேசிகள் ஊமையாயின. குடிநீர் எங்கே கிடைக்கும், நிவாரணக் கணக்கெடுப்பு எந்நாள் என்பதைப் பக்கத்து ஊருக்குக்கூட அறிவிக்க வழியில்லாது மக்கள் பல நாள் துன்புற்றனர். அத்தகைய வேளையில் மின்கலத்தாலோ சிறு மின்னாக்கியாலோ இயங்கக் கூடிய உள்ளூர் வானொலி ஒன்று இருந்திருப்பின் எத்துணை உதவியாக இருந்திருக்கும்! அத்தகைய நிலையம் ஒன்றை நம் மக்களே தொண்டராய் நின்று, தம் பணத்தாலேயே நடத்த இயலுமா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அலைவரிசைகள் பொதுமக்களின் சொத்து என உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்தது. 2002இல் கல்வி நிலையங்களுக்குச் சமுதாய வானொலி நடத்த வழி திறந்தது. சென்னை அண்ணா பல்கலைக்கழகம் 2004 பிப்ரவரியில் இந்தியாவின் முதற் சமுதாய வானொலியைத் தொடங்கிற்று. 2006இல் விதிகள் மேலும் தளர்ந்து, பதிவு செய்து மூன்றாண்டு நிறைந்த, இலாப நோக்கற்ற மக்கள் அமைப்புகளும் உரிமம் கோரலாம் என்றாயிற்று. இதன் பயனாக நாகை மாவட்டம் விழுந்தமாவடியில் களஞ்சியம் வானொலியும், மீனவர்களுக்கெனப் பாம்பனில் 2016இல் கடல் ஓசையும் தோன்றின. இவ்வகை நிலையத்தின் ஆற்றல் சிறிது. ஒலி எட்டும் தொலைவு, நில அமைப்பைப் பொறுத்துச் சுமார் 10 கிலோமீட்டர். நம் வட்டாரத்தின் பேச்சை நம் வட்டாரத்துக்குச் சொல்ல இது போதும்.

கருவி வாங்குவதற்கு நடுவண் அரசின் உதவித் திட்டம் உண்டு, நன்கொடையாளரும் கிடைக்கலாம். ஆனால் கருவி வந்த பிறகு மாதந்தோறும் வரும் மின்கட்டணத்தையும், பழுதுபார்ப்பையும், உரிமக் கட்டணத்தையும் யார் தாங்குவது? இவ்வினாவுக்கு விடை காணாது தொடங்கப்படும் நிலையம் நெடுநாள் நிலைப்பதில்லை. இதற்கு நம் தமிழகத்திலேயே பழைய சான்று உண்டு.

1924இல் சென்னையில் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியாரும் அவர்தம் நண்பர்களும் சென்னை மாகாண ரேடியோ கிளப் என்னும் அமைப்பை நிறுவினர். அவ்வாண்டு ஜூலை 31ஆம் நாள் ஒலிபரப்பும் தொடங்கிற்று. அரசின் வானொலி தோன்றுவதற்கு முன்னரே ஆர்வலர் தம் முயற்சியால் நடத்திய நிலையம் அது. ஆயினும் மூன்றாண்டுக்குப்பின், 1927 அக்டோபரில், பணமுடையால் அது மூடப்பட்டது. கருவிகள் சென்னை மாநகராட்சியிடம் ஒப்படைக்கப்பட, 1930 ஏப்ரல் முதல் மாநகராட்சி அவற்றைக் கொண்டு ஒலிபரப்பி வந்தது.

அதே சென்னையில் 1904இல் தொடங்கப்பட்ட திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் நூறாண்டு கடந்தும் வாழ்கிறது. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். பண்டகசாலையில் அரிசியைப் படியளந்து பணம் பெறலாம். பணம் தராதவருக்கு அரிசி இல்லை. வானொலியோ பணம் தந்தவர் வீட்டிலும் தராதவர் வீட்டிலும் ஒன்றுபோலவே ஒலிக்கும். தராதவரைத் தடுக்க வழியில்லை. ஆகவே வானொலிச் சந்தா என்பது வாங்கிய சரக்கின் விலையன்று. இந்நிலையம் இருந்தாக வேண்டும் என்னும் எண்ணத்தால் தரும் பங்கு.

அவ்வாறு யார் தருவார் என ஐயுறுவோர்க்கு வெளிநாட்டுச் சான்றுகள் உள. அமெரிக்காவில் பெர்க்கிலி நகரில் லூயிஸ் ஹில் என்பார் 1949இல் கே.பி.எஃப்.ஏ. என்னும் நிலையத்தைத் தொடங்கினார். விளம்பரம் இல்லை, கேட்போர் தாமே விரும்பித் தரும் சந்தாவே வருவாய். அடுத்த ஆண்டே பணமின்றி அது வாயடைத்தது. பல மாதம் மௌனமாய்க் கிடந்தபின், கேட்போரே நிதி திரட்டி 1951இல் அதனை மீண்டும் பேச வைத்தனர். நிலையம் நின்ற பின்னரே அதன் அருமை அவர்களுக்கு விளங்கிற்று போலும்! தென் அமெரிக்காவில் பொலிவியா நாட்டுச் சுரங்கத் தொழிலாளரோ தம் கூலியில் ஒரு பகுதியை ஒதுக்கிப் பல பத்தாண்டுக் காலம் தம் சொந்த வானொலிகளை நடத்தினர். அவர்கள் செல்வரல்லர், நம் போன்ற உழைப்பாளிகளே.

இனி நம் கணக்குக்கு வருவோம். எடுத்துக்காட்டாக, 600 குடும்பங்கள் மாதம் 20 ரூபாய் தர இசைவதாகக் கொள்வோம். மாதம் 12,000 ரூபாய்; ஆண்டுக்கு 1,44,000 ரூபாய். ஆனால் சங்கக் கணக்குகளைப் பார்வையிடும் எவரும் இத்தொகையை அப்படியே நம்பமாட்டார். மூவரில் ஒருவர் நிலுவை வைப்பார் எனக் கொண்டால் கைக்கு வருவது 96,000 ரூபாயே. செலவுத் திட்டம் இத்தொகைக்குள் அடங்க வேண்டும். அதிலும் ஒரு பகுதி தேய்மான நிதிக்கு ஒதுக்கப்பட வேண்டும். இடி விழுந்து கருவி பழுதுறும் நாளில் அந்நிதியே துணை.

தண்டும் முறையும் இன்றியமையாதது. நெசவாளருக்குக் கூலி கிடைக்கும் நாள் வேறு. நிலக்கடலை விற்றுக் காசு காணும் உழவருக்கு நாள் வேறு. கையில் பணம் உள்ள நாளில் கேட்டால் இருவரும் தருவர். ஆகவே நெசவாளரிடம் மாதச் சந்தாவும், உழவரிடம் அறுவடைக்குப்பின் ஆண்டுச் சந்தாவும் பெறுதல் நலம். கூலியிலிருந்து பிடிப்பதாயின் உறுப்பினரின் எழுத்து மூலமான சம்மதம் கட்டாயம் வேண்டும். பெற்ற ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது தருவதோடு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரவு செலவை வானொலியிலேயே படித்துக் காட்ட வேண்டும். தம் பணம் என்னவாயிற்று என்பதைத் தம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து கேட்பவர் அடுத்த தவணையைத் தயங்காது தருவார். விதிகள் மணிக்கு 12 நிமிடம் விளம்பரத்துக்கு இடந்தருகின்றன. அவ்வருவாயைத் துணையாகக் கொள்ளலாம்; முதலாகக் கொள்ளலாகாது.

பங்கு ஈவு வழங்கும் நம் சங்கமே நேரடியாக உரிமம் கோருவதைக் காட்டிலும், உறுப்பினர்கள் கூடி இலாப நோக்கற்ற தனி அமைப்பைப் பதிவு செய்தலே தகும். மூன்றாண்டு காத்திருக்க வேண்டுமே எனச் சோர்வுற வேண்டா. தெலங்கானாவில் ஜகீராபாத்துக்கு அருகே மாச்னூர் சிற்றூரின் சங்கம் ரேடியோ 2008 அக்டோபர் 15ஆம் நாள் ஒலிபரப்பைத் தொடங்கிற்று. நர்சம்மா என்னும் பெயருடைய தலித் பெண்கள் இருவர் அதனை நடத்தி வந்தனர். உரிமம் வரும் முன்னரே அப்பெண்கள் விதை, மருந்து, பாட்டு ஆகியவற்றை ஒலிநாடாவில் பதிந்து, மகளிர் சங்கக் கூட்டங்களில் போட்டுக் காட்டிப் பல ஆண்டு பயிற்சி பெற்றனர். நாமும் அவ்வாறே, கைபேசியில் அரைமணி நேர நிகழ்ச்சியைப் பதிந்து, மாதக் கூட்டந்தோறும் கேட்கச் செய்யலாம். யார் சொன்ன வண்ணம் வருகிறார், யார் பெயரளவில் தொண்டர் என்பது அப்போதே தெரிந்துவிடும்.

உள்ளூர் நிலையம் தானே செய்தி தயாரித்து வாசிக்க இயலாது. அகில இந்திய வானொலியின் செய்தியை மாற்றமின்றி ஒலிபரப்பலாம். ஆனால் விலை நிலவரம், வானிலை, மின்தடை, குடிநீர் அறிவிப்பு, பயிர்நோய், பாவு நூல், சாயம் எனச் சொல்வதற்கு என்ன குறை? 1960களில் ஆடுதுறை 27 என்னும் நெல்லைத் திருச்சி வானொலி பரப்பிய வேகத்தைக் கண்டு தஞ்சை உழவர் அதற்கு ரேடியோ நெல் என்றே பெயரிட்டனர். அவ்வொலி திருச்சியிலிருந்து வந்தது. கேட்டவர் மறுவினா எழுப்ப வேண்டுமாயின் அஞ்சலட்டை எழுத வேண்டியிருந்தது. நம் நிலையத்தில் நம் சாகுபடியாளர் ஒருவர் பேசினால், மறுநாளே அவர் வயலுக்குச் சென்று உண்மையைப் பார்த்து வரலாம். இது பெரிய நிலையங்களால் இயலாத காரியம்.

ஆகையால் உறுப்பினர்கள் முதலில் கருவியின் விலையை விசாரிக்காது, ஒரு பெயர்ப் பதிவேட்டைத் திறக்க வேண்டுகிறேன். மாதம் 20 ரூபாய் தருவோர் ஒரு பக்கமும், வாரம் இரண்டு மணி நேரம் தருவோர் மறுபக்கமும் கையொப்பமிடட்டும். மகளிர் பாதியளவேனும் அதில் இருத்தல் வேண்டும். நிகழ்ச்சிக் குழுவில் அவர்களுக்குப் பாதி இடம் என 2024ஆம் ஆண்டு விதியும் கூறுகிறது. ஆறு மாதம் தவறாது சந்தா வந்து, ஆறு கூட்டங்களில் நிகழ்ச்சியும் ஒலித்தால், பதிவு விண்ணப்பத்தைத் துணிந்து எழுதலாம். வராவிடில், கடன் பட்டுக் கருவி வாங்கி அது பூட்டிய அறையில் துருப்பிடிப்பதைக் காணும் துன்பமேனும் நமக்கு நேராது.